இரண்டாவது இலக்கம்

இடதுகால் குளிர்ந்துவிட்டது. வலதுகால் மட்டும் ஏன் இன்னும் சுடுகிறது?

வாய்விட்டுக் கேட்டால் அம்மா பயப்படுவாள். தம்பி டொக்டரைக் கூட்டிவர ஓடுவான். சித்தி என்ன செய்வாள் என்றுதான் தெரியாது. அதனால் கேட்கக்கூடாது. கையை வெடுக்கென்று எடுக்கவும் கூடாது.

றொஷேல் கையை எடுக்கவில்லை. அப்பாவின் இரண்டு கால் பெருவிரல்களையும் ஒரு கைக்குள் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் நூலைச் சுற்றினாள். கிழிந்த வலை பொத்துகிற வெள்ளை நைலோன் நூல். அந்த அவசரத்தில் வீட்டில் அகப்பட்டது அதுதான்.

"இறுக்கிக் கட்டு பிள்ளை," என்றாள் பெற்றிசியா சித்தி. அவள் தலைமாட்டில் நின்று, அப்பாவின் தாடையை வெள்ளைத் துணியால் ஏந்தி உச்சியில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். "இப்ப கட்டாட்டிக் கால் அகண்டுபோயிடும். பிறகு பெட்டிக்குள்ள வைக்கிறது கஷ்டம்."

"நூல் வெட்டிப்போடும் சித்தி."

"இனி அவருக்கு நோகப்போகுதே?"

வெளியே கடற்கரை நீளத்துக்கு நிற்கிற காற்றாலைகளின் இரைச்சல் மட்டும் யன்னலுக்குள்ளால் வந்து வந்து போனது.

காலை ஏழு மணியாகவில்லை. ஆறு மணிக்குத்தான் அப்பா பெனடிக்ற் போயிருந்தார். கிணற்றடியில் வழுக்கி விழுந்து, வலது தொடை எலும்பு முறிந்து, ஒப்பரேசன் செய்த இருபத்துமூன்றாம் நாள். காலில் உறைந்த இரத்தம் கட்டியாக நெஞ்சுக்கு ஏறியிருக்கலாம் என்று ஆஸ்பத்திரியிலிருந்து போனில் சொன்னார்கள். ஊர் அதிகாரி விதானையார் வந்து பார்த்து மரணத்தை எழுதித் தந்துவிட்டுப் போனார். உடல் கெடாமலிருக்க எம்பாம் பண்ணவேண்டாம் என்று அம்மா ஒரே பிடியாக நின்றாள். "அந்த மனிசனில இன்னொருக்காக் கத்தி வைக்க விடமாட்டன். பின்னேரமே அடக்கம்."

சித்தி முடிச்சைச் சரிபார்த்தாள். "நல்லது. நீ கட்டினபடியா பெட்டி மூடமுதல் நீதான் வெட்டிவிடவேணும். மறந்துபோகாத. கட்டோட புதைச்சா ஆத்துமம் காலடி எடுத்துவைக்காது எண்டு சொல்லுவினம்."

அம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு பெண்கள் குசினிப் பக்கம் போனார்கள். தம்பி டினேஷ் பந்தல்காரனோடு கதைக்க வெளியே போனான். அறையில் றொஷேலும் சித்தியும் மட்டும் மிஞ்சினார்கள். சித்தி துணியின் நுனியைத் தலையணைக்குள் செருகினாள். செருகியபடியே, நிமிராமல் கேட்டாள்.

"கடைசி நாளையில அத்தான் உவரைப் பற்றி ஏதும் கதைச்சவரா?"

கணவனின் பெயரைச் சித்தி சொல்வதில்லை. உவர் என்றால் மில்ரன். அப்பாவின் தம்பி. கல்யாணம் முடித்து எட்டு மாதத்தில் கடலோடு போனவர். முப்பத்தாறு வருடம். படகு புரண்ட இரவுக்கு மறுநாள் அப்பாவை மட்டும் மணல்திட்டில் கண்டெடுத்தார்கள், மிதந்த எண்ணெய்க் கான் ஒன்றைக் கட்டிப்பிடித்தபடி. அலை அடித்துப் பிரித்துவிட்டது என்று அப்பா சொன்னார். ஊரும் அதையே சொன்னது. மில்ரனின் உடல் கரை சேரவில்லை. ஆத்துமாக்கள் திருநாளன்று மற்றவர்கள் அவரவர் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்தும்போது, சித்தி சேமக்காலை நடுவில் நிற்கிற பொதுச் சிலுவையின் கீழே கொளுத்திவிட்டு வருவாள்.

"இல்லை சித்தி," என்றாள் றொஷேல்.

சித்தி தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலில் நம்பிக்கையும் இல்லை, நம்பாமையும் இல்லை. றொஷேல் துணியை இழுத்துக் காலை மூடினாள். துணிக்கு மேலாகவும் சூடு தெரிந்தது.

*

ஒப்பரேசனுக்கு முதல் நாள் அந்தப் பிள்ளை வந்தாள். நுஸ்ரியா, எருக்கலம்பிட்டி. ஆஸ்பத்திரியில் நடந்த ஆய்வொன்றுக்கு விபரம் எடுக்கிறவள். கதிரையை இழுத்துப் போட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து, அவசரமில்லாமல் விளங்கப்படுத்தினாள்.

"முழு மயக்கம் இல்லை ஐயா. காலுக்குப் போற நரம்புக்குப் பக்கத்தில, ஸ்கானில பாத்துப் பாத்து ஊசி போடுவினம். கால் மட்டும் விறைக்கும். அந்த ஊசியில ரெண்டு விதக் கலவை இருக்கு. எது கூட நேரம் நோவை நிப்பாட்டுது, பிறகு ஒரு மாசத்துக்கு நோ எப்பிடிப் போகுது, அதைப் பாக்கத்தான் இந்த ஆய்வு. உங்களுக்கு விருப்பம் எண்டாச் சேரலாம்."

"எனக்கு எந்தக் கலவை?"

"எனக்குத் தெரியாது. ஊசி போடுற டொக்டருக்கும் தெரியாது. ஒட்டின கடித உறைக்குள்ள இருக்கும்."

"கரைவலையில ஆருக்கு எந்தப் பாடு, எந்த முறை எண்டு சீட்டு எடுக்கிற மாதிரி." அப்பா வலியோடு சிரித்தார். "என்ர கைக்கு எண்டைக்குத் தங்கச்சி நல்ல பாடு வந்தது? சரி, போடுங்கோ."

அவள் ஒரு சின்னப் புத்தகம் தந்தாள். ஒரு நாளுக்கு இரண்டு கட்டம். காலை ஆறு, மாலை ஆறு. நோ இல்லையென்றால் சைபர், தாங்கவே ஏலாதென்றால் பத்து. நாலோ அதற்கு மேலோ வந்தால் மேலதிகமாக ஒரு வலி மருந்துக் குளிசை கொடுக்கலாம். இலக்கம் சொல்லத் தெரியாதவர்களுக்கு ஒரு மட்டையில் ஆறு முகங்கள் கீறியிருந்தன, சிரிக்கிறதிலிருந்து அழுகிறது வரைக்கும்.

அப்பா மட்டையைத் தூரப் பிடித்துப் பார்த்தார். "இந்த நடுவில இருக்கிறவர் எங்கட பழைய விதானையார். சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை, கையெழுத்தும் இல்லை."

நுஸ்ரியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எழுதுகிற பொறுப்பை றொஷேல் ஏற்றாள். நறுவிலிக்குளத்தில் புருஷனையும் வயலையும் விட்டுவிட்டு இந்த ஒரு மாதத்துக்கென்றே வந்தவள் அவள். எழுத்தும் அவளுக்கு உருண்டை உருண்டையாக வரும்.

ஒப்பரேசன் முடிந்த பின்னேரம் அப்பா கண் திறந்து முதல் சொன்னது: "ஆரோ என்ர கட்டிலில படுத்திருக்கினம் பிள்ளை. தள்ளிப் படுக்கச் சொல்லு."

தாதிமார் சிரித்தார்கள். நுஸ்ரியாவும் சிரித்தாள். விறைத்த காலை அப்படி அந்நியமாக உணர்கிறவர்கள் உண்டு, அவளே கேட்டிருக்கிறாள். மருந்தின் வீரியம் விட்டதும் கால் திரும்பி வந்துவிடும் என்றாள். ஆனால் மூன்றாம் நாளும் வரவில்லை. மயக்க மருந்து டொக்டர் வந்து, கையுறைக்குள் ஒரு துண்டு ஐஸை வைத்து உள்ளங்காலில் ஒற்றினார். கால் விசுக்கென்று மடங்கியது.

"குளிருதா ஐயா?"

"இல்லை."

"கால் இழுத்ததே."

"எனக்குக் குளிரேல்லை. அவனுக்குக் குளிரும்தானே. எத்தினை வருஷமாத் தண்ணிக்குள்ள கிடக்கிறவன்."

டொக்டர் அப்பாவிடம் பெயர் கேட்டார், கிழமை கேட்டார், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். அப்பா தடுமாறாமல் கழித்துக்கொண்டே போனார். டொக்டர்தான் முதலில் நிறுத்தினார். வயது போனவர்களுக்கு ஒப்பரேசனுக்குப் பிறகு கொஞ்ச நாள் இப்படிக் குழப்பம் வரும், பயப்பட ஒன்றுமில்லை என்று வெளியே வந்து சொன்னார். சொல்லும்போது தன் கையிலிருந்த உருகிய ஐஸைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

வீட்டுக்கு வந்த முதல் மாலையில் அது தொடங்கியது.

"இப்ப எவ்வளவு அப்பா?"

"எனக்குச் சைபர்." கொஞ்சம் பொறுத்து, "அவனுக்கு எட்டு."

"ஆருக்கு?"

"நீ எழுது."

"ஒரு கட்டம்தானே அப்பா இருக்கு."

"அப்ப வெளியில எழுது."

நோயாளியின் மனம் கோணக்கூடாதென்றுதான் எழுதினாள். கட்டத்துக்குள் பேனையால் சைபர். கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில், பென்சிலால் எட்டு. பென்சில் என்றால் பிறகு அழிக்கலாம். மறுநாளும் அப்படி. அதற்கு மறுநாளும். கட்டத்துக்குள் சைபர், சைபர், சைபர். வெளியே எட்டு, எட்டு, ஏழு. சைபருக்குக் குளிசை தேவையில்லை. மேலதிகக் குளிசை மட்டை அலுமாரிக்குள் உடைக்காமல் கிடந்தது.

மத்தியானங்களில் அப்பா வாய் பிளந்து உறங்குவார். அவர் உடம்பில் ஓர் அசைவும் இருக்காது, வலதுகால் விரல்களைத் தவிர. அவை ஒவ்வொன்றாக மடங்கி விரியும், நிலம் எட்டாத தண்ணீரில் நிற்கிறவனுடைய விரல்களைப் போல. எழும்பும்போது கட்டில் விரிப்பின் கால்மாடு நனைந்திருக்கும். வலது பக்கம் மட்டும். அதைக் கொடியில் போட்டால் காற்றில் காய்ந்து, ஈரம் இருந்த இடத்தைச் சுற்றி ஒரு வெள்ளை வரம்பு எழும்பும்.

"மனிசன்ர வேர்வை," என்றாள் அம்மா.

றொஷேல் யாரும் பார்க்காத நேரம் அந்த வரம்பை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பு. வேர்வையும் உப்புத்தான் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டதை அவளுடைய நாக்கு ஏற்கவில்லை.

சித்தி ஒருநாள் விட்டு ஒருநாள் பின்னேரத்தில் கஞ்சி கொண்டுவருவாள். கட்டிலின் கால்மாட்டில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருப்பாள். அவள் வந்தால் அப்பா கண்ணை மூடிக்கொள்வார். உறங்கவில்லை என்று மூன்று பேருக்கும் தெரியும். சித்தி ஊர்ச் சங்கதி சொல்வாள்: ஐஸ் விலை, யாருடைய வலையை இழுவைப் படகு அறுத்தது, கோயில் ஒலிபெருக்கி பழுதானது. பிறகு கோப்பையைக் கழுவி எடுத்துக்கொண்டு போவாள். ஒருநாள் புத்தகத்தைப் பின்னோக்கிப் புரட்டியபோதுதான் றொஷேல் அதைக் கவனித்தாள். சித்தி வந்துபோன மாலைகளில் இரண்டாவது இலக்கம் குறைந்திருந்தது. வராத மாலைகளில் ஏறியிருந்தது. அவள் புத்தகத்தை மூடி அதன்மேல் செபமாலையை வைத்தாள். பிறகு அப்படி வைத்தது சரியில்லை என்று பட்டு எடுத்தாள்.

பதினாறாம் நாள், ஆட்கள் இல்லாத ஒரு மத்தியானம், கேட்டுவிட்டாள்.

"அப்பா, அவருக்கு எங்க நோகுது?"

எப்போது அவன் அவராகிப் போனார் என்று அவளுக்கே தெரியவில்லை.

"கையில."

"கால் எண்டெல்லோ நினைச்சன்."

"கால் என்ர கால். அதில எனக்கு ஒண்டும் தெரியேல்லை. பிடிச்சுக்கொண்டிருக்கிற கைதானே நோகும்." அப்பா முகட்டைப் பார்த்தபடி சொன்னார். குரலில் குழப்பம் இல்லை. வலையில் பட்டதைச் சொல்கிற குரல். "படகு பிரண்டாப் பிறகு ரெண்டு பேரும் அந்தக் கானைத்தான் பிடிச்சனாங்கள். கான் ஒராளைத்தான் தாங்கும். அவன்ர கை வழுக்கி என்ர காலைப் பிடிச்சான். கணுக்காலுக்கு மேல. நான் உதறினனான். விடேல்லை. திரும்பவும் உதறினனான். பிறகு மற்றக் காலால..."

கொடியில் விரிப்பு படபடத்தது. பிறகு அடங்கியது.

"விட்டிட்டான் எண்டுதான் இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டிருந்தன். விடேல்லைப் பிள்ளை. நான் நடந்து திரிஞ்ச இடமெல்லாம் அவன் பிடிச்சபடிதான் வந்திருக்கிறான். என்ர கால் குறுக்க நிண்டபடியா எனக்குத் தெரியேல்லை. ஊசி போட்டு என்ர காலை எடுத்தாப் பிறகுதான் அவன்ர கை தெரியுது. அஞ்சு விரலும் தெரியுது."

"சித்திக்குச் சொல்லட்டா அப்பா?"

"நீ எழுது," என்றார். "எழுதினாக் காணும்."

அன்று மாலை அவள் எழுதினாள். கட்டத்துக்குள் சைபர். வெளியே ஐந்து. எழுதும்போது முதல்முறையாக ஒரு நினைவு வந்து அவளைத் தொட்டது. அப்பாவுக்கு நோகவில்லை என்பது உண்மைதானா? முப்பத்தாறு வருடம் தன் பாரத்தை அலையின் தலையில் போட்டவர், இப்போது தன் நோவை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு, தனக்குச் சைபர் என்கிறாரா? அப்படியென்றால் இத்தனை நாளும் எட்டும் ஏழும் அவருடையவை. அவள் குளிசையை அலுமாரிக்குள் பூட்டிவைத்துக்கொண்டு சைபர் எழுதியிருக்கிறாள். குளிசையைக் கொண்டுபோய் நீட்டினாள். அப்பா தலையை மறுபக்கம் திருப்பினார். "எனக்கு ஏன்? நோகிறவனுக்குக் குடு."

*

அடக்க நாள் மத்தியானம் ஒரு மணிபோல நுஸ்ரியா வந்தாள். பந்தலுக்குள் பிளாஸ்டிக் கதிரைகளுக்கு நடுவில் தலைத் துணியைச் சரிசெய்தபடி நின்றவளை றொஷேல்தான் கண்டு உள்ளே கூட்டிவந்தாள்.

"காலமை போன் வந்த உடன வெளிக்கிட்டனான் அக்கா. வேலையா வரேல்லை. சும்மா வந்தனான். அம்மாவைப் பாத்திட்டுப் போறன்."

பெட்டிக்குள் அப்பா வெள்ளைச் சேட்டும் வேட்டியுமாகப் படுத்திருந்தார். நுஸ்ரியா பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நோகாமப் போயிட்டார் பிள்ளை. அது போதும். உங்கட ஊசி நல்ல ஊசி," என்று சொன்னாள். காலையிலிருந்து வருகிற எல்லோருக்கும் அம்மா இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். நுஸ்ரியா அம்மாவின் கையைத் தடவினாள்.

றொஷேல் அவளைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போனாள். புத்தகத்தை எடுத்துக் கொடுத்தாள்.

"பிறகு தந்தாலும் காணும் அக்கா."

"இல்லை, இப்பவே கொண்டுபோங்கோ."

நுஸ்ரியா பக்கங்களைப் புரட்டினாள். ஓரத்துப் பென்சில் இலக்கங்களில் அவள் விரல் நின்றது. "இது என்ன, வெளியில?"

"அழிறப்பர் இருந்தாத் தாங்கோ. அழிச்சுத் தாறன்."

"ஐயோ, அழிக்கக் கூடாது அக்கா." அவள் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "இதில எழுதின ஒண்டும் அழியக் கூடாது. பிழை எண்டா நடுவால ஒரு கோடு, பக்கத்தில கையெழுத்து, திகதி. கீழ எழுதினது தெரியவேணும். அதுதான் முறை. பிழையா எழுதினீங்களோ?"

றொஷேல் யோசித்தாள். "பிழையோ சரியோ எண்டு எனக்குத் தெரியாது."

"அப்ப அப்பிடியே கிடக்கட்டும்." அவள் அதற்குமேல் தோண்டவில்லை. கடைசிப் பக்கத்துக்கு வந்தாள். "இண்டைக்குக் காலமைக் கட்டம் வெறுமையாக் கிடக்கு. கேட்டனீங்களோ? ஏதும் சொன்னவரோ? இல்லையெண்டா, கேக்கேல்லை எண்டு எழுதலாம்."

கேட்டாள். காலை ஆறு மணிக்கு றொஷேல் கேட்டாள்.

அப்பாவின் கண்கள் அதற்கு முன்பே அகல விரிந்திருந்தன. எவ்வளவு அப்பா என்றதும் உடனே சொன்னார், பத்து. தனக்கென்று சைபரைத் தவிர அவர் சொன்ன முதல் இலக்கம். அவருக்கு எவ்வளவு என்றாள். சைபர் என்றார். பிறகு இரண்டு கையாலும் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழும்பப் பார்த்தார். "விட்டிட்டான் பிள்ளை. கையை விட்டிட்டான். பிடிக்கச் சொல்லு. அவனைப் பிடிக்கச் சொல்லு." அவள் அலுமாரிக்கு ஓடினாள். மட்டையைப் பிய்த்து ஒரு குளிசையை உள்ளங்கையில் எடுத்துக்கொண்டு திரும்பியபோது அப்பா கட்டிலில் நேராகப் படுத்திருந்தார். இடதுகால் விரல்களும் வலதுகால் விரல்களும் ஒன்றுபோல அசையாமல் கிடந்தன. இரண்டு வாரத்துக்கு மேலாக அவள் காணாத அசையாமை.

அந்தக் குளிசை இன்னும் அவளுடைய சட்டைப் பைக்குள் கிடந்தது. பைக்குள் கையை விட்டால் தட்டுப்பட்டது.

அவள் நுஸ்ரியாவின் பேனையை வாங்கிக் கடைசிக் கட்டத்துக்குள் எழுதினாள். பத்து.

நுஸ்ரியா இலக்கத்தைப் பார்த்தாள். பிறகு அடுத்த அறையில் அம்மாவின் குரல் வருகிற பக்கம் பார்த்தாள்.

"நோகாமப் போனவர் எண்டெல்லோ உன்ர அம்மா எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறா."

சித்தி. தேத்தண்ணித் தட்டோடு கதவடியில் நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. தட்டிலிருந்த கோப்பைகளில் ஆவி அடங்கியிருந்தது.

றொஷேல் பேனையை வைத்துவிட்டுப் பென்சிலை எடுத்தாள். எழுதினால் காணும் என்று அப்பா சொன்னார். கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில், ஒரு சைபர் போட்டாள்.

"அது ஆருக்கு?" என்று சித்தி கேட்டாள்.

நுஸ்ரியா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். யன்னலால் வந்த காற்று பக்கங்களைப் புரட்டிக்கொண்டு போனது. எட்டு, எட்டு, ஏழு, எட்டு, ஆறு, ஐந்து. சித்தியின் கண் அந்த ஓரத்தையே பார்த்துக்கொண்டு போவதை றொஷேல் கண்டாள். பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அலை அடித்துப் பிரித்தது என்பதும் அதற்குள் இருந்தது. மற்றதும் இருந்தது. இரண்டில் எதையும் எடுக்காமல் வாயை மூடிக்கொண்டாள்.

நுஸ்ரியா புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்தாள். "நான் வாறன் அக்கா. அடக்கம் முடியக் கொஞ்சம் படுங்கோ." வாசல் படலையடியில் ஒரு தெருக் கழுதை குறுக்கே நின்றது. அவள் அதைச் சுற்றிக்கொண்டு போனாள்.

சித்தி தட்டை மேசையில் வைத்தாள். ஒரு கோப்பையை எடுத்து றொஷேலின் கையில் கொடுத்தாள்.

"குடி. காலமையில இருந்து நீ ஒண்டும் குடிக்கேல்லை."

குடித்தாள். ஆறிப்போயிருந்தது. சீனி இல்லை. கடைசி மிடறில் மட்டும் உப்புக் கரித்தது.

*

நாலு மணிக்குக் கோயில் மணி விட்டு விட்டு அடித்தது. சுவாமி வந்து செபம் முடித்துவிட்டு, பெட்டி வெளிக்கிடட்டும் என்று பந்தலுக்குப் போனார். அம்மா கடைசியாக நெற்றியில் கொஞ்சிவிட்டு, இரண்டு பெண்களின் தோளில் சாய்ந்தபடி சுவரோடு போய் நின்றாள். ஒப்பாரி இல்லை. அம்மா வேண்டாமென்று சொல்லியிருந்தாள். அழுகையை உள்ளே வைத்திருக்கிறவர்களின் மூச்சுச் சத்தம் மட்டும் அறையை நிறைத்தது.

டினேஷும் இன்னும் மூன்று பேரும் மூடியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

"பொறுங்கோ. கால் கட்டை வெட்டேல்லை," என்றாள் சித்தி.

தாடைக் கட்டை அவளே அவிழ்த்தாள். வாய் மூடியபடி நின்றது. பிறகு கால்மாட்டுக்கு வந்தாள். ஒரு கையில் புது பிளேட், கடதாசி உறை பிரித்தபடி. மறுகையில் ஒரு சோடி வெள்ளைக் காலுறை. கட்டு வெட்டியபின் போடுவதற்கென்று காலையிலேயே எடுத்துவைத்தது. றொஷேலைக் கூப்பிட்டு பிளேட்டை நீட்டினாள்.

றொஷேல் கால்மாட்டுத் துணியை விலக்கினாள்.

நூல் விரல்களுக்குள் புதைந்திருந்தது. இடது பாதம் மெழுகு நிறத்தில் வறண்டு கிடந்தது. வலது பாதத்தின் கீழே பெட்டியின் சாட்டின் துணி நனைந்து கறுத்திருந்தது. ஈரத்தைச் சுற்றி ஒரு வெள்ளை வரம்பு பிடிக்கத் தொடங்கியிருந்தது. முடிச்சின் மேல் விரலை வைத்தாள். காலை ஏழு மணிக்கு இருந்த அதே சூடு. ஒன்பது மணித்தியாலம் கடந்து, வெயிலும் காற்றும் சனமும் கடந்து, அதே சூடு.

ஒரு கீறல் போதும். நூல் விட்டுவிடும். கால்கள் தன்பாட்டில் விலகும். ஆத்துமம் நடந்து போகும். அப்பா இனி எங்கும் சுமந்து திரியத் தேவையில்லை. எல்லாரும் அதைத்தானே இறந்தவருக்குக் கேட்பார்கள். ஆனால் அப்பா கடைசியாகக் கேட்டது அதையல்ல, அவனைப் பிடிக்கச் சொல்லு என்பதைத்தான்.

"வெட்டு பிள்ளை. நேரமாச்சு."

றொஷேல் பிளேட்டை வாங்கவில்லை. துணியின் விளிம்பை எடுத்து முடிச்சின் மேல் போட்டாள்.

"வேண்டாம் சித்தி."

"என்ன வேண்டாம்?"

"கட்டினபடி இருக்கட்டும்."

"கட்டோட போனா நடக்கமாட்டார் எண்டு காலமை சொன்னனான்தானே."

"ஓம். சொன்னனீங்கள்."

மூடியைத் தாங்கி நின்றவர்கள் கை மாற்றினார்கள். சுவரோரம் நின்ற யாரோ, அந்தப் பிள்ளைக்குத் தலை சுத்துது போல, இருத்துங்கோ என்றார்கள். றொஷேல் இருக்கவில்லை. சித்தியின் கண்கள் அவள் முகத்தில் எதையோ தேடின. முப்பத்தாறு வருடம் கடல் பக்கம் பார்த்த அதே பார்வை. பிறகு அந்தப் பார்வை கீழே இறங்கியது, துணிக்கு, துணிக்குக் கீழே சேர்ந்திருந்த இரண்டு பாதங்களுக்கு, சாட்டினில் விரிந்த ஈரத்துக்கு.

சித்தி பிளேட்டைக் கடதாசி உறைக்குள் போட்டாள். காலுறைகளை மடித்துப் பெட்டியின் ஓரத்தில் வைத்தாள். துணிக்குள் கையை விட்டு வலதுகாலைப் பிடித்தாள், கணுக்காலுக்கு மேலே. சூட்டில் அவள் கை ஒருமுறை துள்ளியது. பிறகு இன்னும் இறுக்கிப் பிடித்தது.

காற்றாலைகள் இரைந்தன. மூடி அவர்களின் தலைக்கு மேலே காத்திருந்தது.

"அக்கா," என்றான் டினேஷ் மெதுவாக, "சித்தியைக் கையை எடுக்கச் சொல்லு."

றொஷேல் சொல்லவில்லை.